வெளுத்த எலும்புகளும் பி.எஸ்.ஏ. 8.6-உம்: பென்னாகரம் பக்கத்து விவசாயி ஒருவரின் ஆரம்பநிலை புரோஸ்டேட் புற்றுநோய்

எழுதக் காரணம்

தர்மபுரி மாவட்டத்தில் பொது மருத்துவராக இருக்கிறேன். பென்னாகரம் வட்டத்தைச் சேர்ந்த விவசாயி ஒருவருக்கு 2022-இல் புரோஸ்டேட் சுரப்பியில் (ஆண்களுக்கு மட்டும் சிறுநீர்ப்பைக்கு அடியில் இருக்கும் சுரப்பி) புற்றுநோய் இருப்பது தெரிந்தது. சுரப்பியைத் தாண்டாத, குணப்படுத்தக்கூடிய நோய். ஆனால் எலும்புக்குப் பரவிவிட்டது என்று முதலில் முடிவு கட்டினோம். அந்த முடிவில் என் பங்கு பெரியது. அவருக்குக் கிடைக்க வேண்டிய கதிர்வீச்சுச் சிகிச்சை கைநழுவிப் போகப் பார்த்தது. கடைசி நேரத்தில் திரும்பி வந்து, 20 நாள் சிகிச்சை எடுத்து, இன்று நலமாக இருக்கிறார்.

அவரும் அவர் மனைவியும் மகனும் சம்மதித்தபிறகே எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

பின்னணி

அவருக்கு அப்போது வயது 67. இரண்டு ஏக்கர் மேட்டுக்காடு. கேழ்வரகு, நிலக்கடலை, வரப்போரம் மொச்சை. 2019-இல் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார். இரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரைகள் எடுத்துவந்தார். சர்க்கரை நோய் மாத்திரையில் கட்டுப்பட்டிருந்தது.

2022 ஆகஸ்டில் என்னிடம் வந்தது சிறுநீர்த் தொல்லைக்காக. இரவில் நான்கைந்து முறை எழுந்திருக்க வேண்டியிருந்தது, நீர் மெலிந்து விட்டுவிட்டுப் போனது. முதுகு வலியையும் சொன்னார். அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. "அது பத்து வருசமா இருக்குதுங்க, அத விடுங்க" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

பி.எஸ்.ஏ. என்பது புரோஸ்டேட் சுரப்பி இரத்தத்தில் விடும் ஒரு புரதம். பொதுவாக மில்லிலிட்டருக்கு 4 நானோகிராமுக்குக் கீழே இருக்கும். அவருக்கு 9.1 இருந்தது. சிறுநீர்த் தொற்றும் சாதாரண வீக்கமும்கூட இதை உயர்த்தும் என்பதால் தொற்று இல்லை என்று உறுதிசெய்துகொண்டு ஒரு மாதம் கழித்து மறுபடி எடுத்தோம்: 8.6. சிறுநீரியல் மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் ஆசனவாய் வழியாக விரலால் தொட்டுப் பார்த்தபோது சுரப்பியின் வலப்பக்கம் கெட்டியான ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. 12 இடங்களில் ஊசியால் சதை எடுத்து (பயாப்ஸி) பார்த்ததில் மூன்றில் புற்றுநோய் தெரிந்தது. புற்றணுக்கள் நுண்ணோக்கியில் எவ்வளவு மாறித் தெரிகின்றன என்பதற்குப் போடும் க்ளீசன் மதிப்பு 3+4, மொத்தம் 7.

இந்த எண்களை வைத்தே நோயின் வீரியத்தைத் தரம் பிரிக்கிறோம். பி.எஸ்.ஏ. 10-க்குக் கீழ், க்ளீசன் 6, முடிச்சு சிறியது என்றால் ஆபத்து குறைவு. பி.எஸ்.ஏ. 20-க்கு மேல், அல்லது க்ளீசன் 8 அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து அதிகம். இவர் நடுவில் இருந்தார், அதிலும் நல்ல பக்கத்தில். க்ளீசன் 7 என்ற ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் குறைந்த ஆபத்தின் எண்கள்.

பயாப்ஸி முடிவை மகன்தான் வாங்கிக்கொண்டு வந்தார். கதவைச் சாத்திவிட்டு முதலில் சொன்னது: "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் சார். தாங்கமாட்டாரு." சரி என்று தலையாட்டினேன்.

எக்ஸ்ரே

பயாப்ஸி முடிவு வந்தபிறகுதான் அந்தப் பத்து வருட முதுகுவலி எனக்கு நினைவுக்கு வந்தது. புரோஸ்டேட் புற்றுநோய் பரவினால் முதலில் போகும் இடம் பெரும்பாலும் எலும்பு. இடுப்பு எலும்பும் முதுகெலும்பும். அங்கே போய் எலும்பை அரிக்காமல் கெட்டியாக்கும். எக்ஸ்ரேயில் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும்.

இடுப்பையும் கீழ் முதுகையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். படத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது எலும்பு முழுவதும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. அறிக்கையில் "எலும்பு அடர்த்தி மிகுந்துள்ளது, பரவிய புற்றுநோயாக இருக்கலாம்" என்று இருந்தது. அடுத்து எலும்பு ஸ்கேன் எடுத்தோம். அதற்காகச் செலுத்திய கதிரியக்க மருந்து எலும்பெங்கும் கூடுதலாகப் படிந்திருந்தது. இரண்டும் ஒன்றையே சொல்வதாக எடுத்துக்கொண்டேன். சிறுநீரியல் மருத்துவருக்கு எழுதிய கடிதத்தில் "இருக்கலாம்" என்ற சொல்லை விட்டுவிட்டு "எலும்புக்குப் பரவிய" என்றே எழுதினேன். அந்தக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது.

எலும்பு ஸ்கேன் புற்றுநோயைக் காட்டுவதில்லை. எங்கெல்லாம் புது எலும்பு வேகமாக உருவாகிறதோ அதைக் காட்டுகிறது. காரணம் எதுவானாலும் அதற்கு ஒன்றுதான். படித்த பாடம்தான், அன்று நினைவுக்கு வரவில்லை.

பரவிய நோய்க்கு ஆண் ஹார்மோனை நிறுத்துவதே முதல் சிகிச்சை. அதற்கு ஊசி போடலாம், அல்லது விதைகளை அறுவைசெய்து நீக்கலாம். ஊசிக்கு மாதாமாதமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ செலவு. அறுவை ஒரே தடவையில் முடிந்துவிடும், மரப்பு ஊசியிலேயே செய்துவிடலாம். செலவைப் பார்த்து மகன் அறுவைக்குச் சம்மதித்தார். புதன்கிழமை நாள் குறித்தார்கள். நோயாளிக்குச் சொன்னது "சின்ன ஆபரேசன், நீர் நல்லாப் போகும்" என்பது மட்டுமே.

மனைவியின் கழுத்து

திங்கட்கிழமை மதியம் அவருடைய மனைவி தனியாக வந்தார். ஆபரேசனுக்கு அப்புறம் களி கொடுக்கலாமா, கஞ்சிதானா என்று கேட்கத்தான் வந்திருந்தார். பதில் சொல்லி, மாத்திரைச் சீட்டு ஒன்றை எழுதி நீட்டினேன். அது நழுவித் தரையில் விழுந்தது.

அவர் குனியவில்லை. மேசைக் காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முதுகு வளையாமல், உடம்பை ஒரு பலகைபோல் பக்கவாட்டில் இறக்கி, முழங்காலை மடக்கி, மறு கையால் சீட்டைத் துழாவி எடுத்தார். எழுந்திருக்கவும் அதே பாடு. வாசல் பக்கமிருந்து செவிலியர் கூப்பிட்டபோது கழுத்து திரும்பவில்லை. உடம்பே மொத்தமாகத் திரும்பியது.

என்னவென்று கேட்டேன். "எனக்குந்தான் அஞ்சாறு வருசமா கழுத்து திரும்பலீங்க. அவருக்கு எப்படியோ அப்படியே எனக்கும். எங்க தெருவுல பாதிப் பேருக்கு முதுகு மரக்கட்டையாட்டந்தான்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். முன்பற்களில் குறுக்கே பழுப்புப் பட்டைகள்.

அவருக்குப் புரோஸ்டேட் சுரப்பியே கிடையாது.

மூன்று சின்னச் சோதனைகள் உண்டு. முழங்கால் மடக்காமல் தரையில் கிடக்கும் நாணயத்தை எடுக்கச் சொல்வது. தாடையை நெஞ்சில் தொடச் சொல்வது. கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, மடக்கி, பின்தலையைத் தொடச் சொல்வது. எலும்பில் ஃபுளோரைடு ஏறியவர்களைக் கண்டுபிடிக்கக் கிராமங்களில் செய்வது இவை. அந்த அம்மாவால் மூன்றும் முடியவில்லை. அன்று மாலையே கணவரையும் வரவழைத்தேன். அவராலும் முடியவில்லை. இரண்டு மாதமாக என்னிடம் வந்துபோன மனிதர். ஒருநாளும் அவரைக் குனியச் சொன்னதில்லை.

அறுவை மருத்துவருக்குத் தொலைபேசியில் பேசினேன். நான் எழுதிய கடிதம் தவறாக இருக்கலாம், அறுவையை நிறுத்தி வையுங்கள் என்று கேட்டேன். மறுபேச்சு இல்லாமல் நிறுத்தினார்.

மறுபடி பார்த்தது

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் கெட்டிப் பாறை நிலம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பாறை இடுக்கில் நெடுங்காலம் கிடந்து ஃபுளோரைடைக் கரைத்துக்கொண்டு வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது. சிறுவயதில் குடித்தால் பல்லில் கறை. ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பு அடர்ந்து, தசைநார்கள் சுண்ணாம்பாக இறுகி, முதுகும் கழுத்தும் பூட்டிக்கொள்ளும். இதற்காகவே ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது. இவர்கள் வீட்டுக்கும் அந்தத் தண்ணீர் வந்திருந்தது. ஆனால் சமையலுக்குப் பழைய போர்த் தண்ணீர்தான். "காவேரித் தண்ணி சப்புனு இருக்குதுங்க" என்றார் அந்த அம்மா. போர்த் தண்ணீரைச் சோதித்தபோது லிட்டருக்கு 3.4 மில்லிகிராம் ஃபுளோரைடு இருந்தது.

பழைய எக்ஸ்ரேயை மறுபடி எடுத்துப் பார்த்தேன். புற்றுநோய் எலும்புக்குப் போனால் பெரும்பாலும் திட்டுத்திட்டாக வெளுக்கும். ஓரிடம் வெள்ளை, பக்கத்து இடம் சாதாரணம். இவருக்கு எல்லா எலும்பும் ஒரே சீராக வெளுத்திருந்தது. இடுப்பெலும்பிலிருந்து போகும் தசைநார்கூட எலும்புபோல் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அது முதல் நாளும் அதே படத்தில்தான் இருந்தது. முன்கையை எக்ஸ்ரே எடுத்தோம். இரண்டு எலும்புகளுக்கும் நடுவே உள்ள சவ்வில் முள்முள்ளாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. ஃபுளோரைடு ஏறி வரும் எலும்பு நோயின், அதாவது எலும்பு ஃபுளோரோசிஸின், அடையாளம் அது. மனைவியின் முன்கையையும் எடுத்தோம். இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால் எது யாருடையது என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். பி.எஸ்.ஏ. 10-க்குக் கீழே, க்ளீசன் 7 என்ற நிலையில் எலும்புக்குப் பரவுவது அரிது. உடம்பிலுள்ள எலும்பெல்லாம் நோய் பிடித்திருந்தால் பி.எஸ்.ஏ. 8.6-இல் நிற்குமா? எண்ணும் படமும் பொருந்தவில்லை. நான் படத்தை நம்பினேன்.

ஆனாலும் ஃபுளோரோசிஸ் இருப்பதாலேயே புற்றுநோய் பரவவில்லை என்று ஆகிவிடாது. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். அதனால் பெங்களூருவில் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் எடுத்தார்கள். புரோஸ்டேட் புற்றணுக்களின் மேல் நிறைய இருக்கும் ஒரு புரதத்தைத் தேடிப்போய் ஒட்டும் கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுப்பது இது. கைக்காசு போட்டு எடுத்தார்கள். அந்த ஆண்டுக் கடலை விற்ற பணம். சுரப்பியின் வலப்பக்கத்தில் மட்டும் ஒளிர்ந்தது. எலும்பில் ஓர் இடமும் இல்லை, நிணநீர்க் கணுக்களிலும் இல்லை. பயாப்ஸி ஊசி பட்ட இரத்தக்கசிவு வடிய ஆறு வாரம் விட்டு எம்.ஆர்.ஐ. எடுத்ததில் கட்டி சுரப்பியின் உறைக்குள்ளேயே இருந்தது தெரிந்தது.

அன்று மகனிடம் சொன்னேன்: இனி அப்பாவுக்குச் சொல்லாமல் நான் எதுவும் செய்யமாட்டேன். அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்களே சொல்லிடுங்க" என்றார். சொன்னேன். பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, புதன்கிழமை செய்யவிருந்தது என்ன ஆபரேசன் என்று மட்டும் கேட்டார். அதையும் சொன்னேன். வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மருத்துவ வாழ்க்கையில் நான் மிகவும் வெட்கப்பட்ட நேரம் அது.

எந்தச் சிகிச்சை, ஏன்

சுரப்பிக்குள்ளேயே இருக்கும் நோய்க்கு மூன்று வழிகள் உண்டு: உடனே எதுவும் செய்யாமல் கூர்ந்து கண்காணிப்பது, சுரப்பியை அறுவைசெய்து எடுப்பது, கதிர்வீச்சு.

பிரிட்டனில் 1,643 ஆண்களை இந்த மூன்று வழிகளுக்கும் குலுக்கல் முறையில் பிரித்துப் பின்தொடர்ந்த 'புரொடெக்ட்' ஆய்வின் 10 ஆண்டு முடிவு 2016-இல் வந்திருந்தது. மூன்று பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் 100-க்கு ஒருவர் அளவுதான்; ஆனால் கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு நோய் பரவியது அதிகம். பின்னர் 2023-இல் வந்த 15 ஆண்டு முடிவும் இதையே உறுதிசெய்தது: இறப்பு மூன்று பிரிவிலும் 100-க்கு மூவர் அளவு, பரவியது கண்காணிப்பில் 9.4 சதவீதம், அறுவையில் 4.7, கதிர்வீச்சில் 5.

10 ஆண்டு முடிவை அவரிடம் விளக்கியபோது, "அப்ப வைத்தியமே வேணாமுன்னு சொல்றீங்களா?" என்று கேட்டார். சரியான கேள்வி. குறைந்த ஆபத்துள்ள பலருக்கு உண்மையிலேயே உடனே வேண்டியதில்லை என்றேன். இவருக்குக் கையில் தட்டுப்படும் முடிச்சு இருந்தது, க்ளீசன் 7 இருந்தது. கண்காணிப்பு என்றால் சில மாதங்களுக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ., இடையிடையே எம்.ஆர்.ஐ., மறுபடி பயாப்ஸி. அவர் யோசித்துச் சொன்னது: "எலும்புக்கு எறங்கிடுச்சுன்னு எம்பையன் ஒரு தடவ கேட்டாச்சு. இன்னொரு தடவ அவன் கேக்க வேணாம்." இது மருத்துவக் காரணம் இல்லைதான். அவருடைய உடம்பு, அவருடைய குடும்பம்; அதற்கு உரிய எடை உண்டு.

அறுவையைத் தள்ளியதற்குக் காரணம் இதயமும் முதுகும். ஸ்டென்ட் வைத்தவர், இரத்தம் உறையாத மாத்திரை எடுப்பவர். முதுகெலும்பின் தசைநார்கள் இறுகிப்போனதால் தண்டுவட மயக்க ஊசி இறங்காது. கழுத்து மடங்காததால் முழு மயக்கத்துக்குத் தொண்டையில் குழாய் விடுவதும் கடினம். மயக்கவியல் மருத்துவர் பார்த்துவிட்டு, "முடியும், ஆனால் வேறு வழி இருந்தால் அதைப் பாருங்கள்" என்றார்.

கதிர்வீச்சுக்கு மயக்கம் வேண்டாம், கத்தி வேண்டாம். சிலருக்கு இதனுடன் நான்கு முதல் ஆறு மாதம் ஆண் ஹார்மோனை நிறுத்தும் ஊசியும் போடுவார்கள். நடுத்தர ஆபத்தின் நல்ல பக்கத்தில் இருந்ததால் இவருக்கு அது தேவைப்படவில்லை. அதில் எனக்கு நிம்மதி. ஃபுளோரைடு ஏறிய எலும்பு பார்க்க அடர்த்தி, ஆனால் எளிதில் உடையும். ஹார்மோன் ஊசி எலும்பை மேலும் பலவீனப்படுத்தும்.

திட்டமிடல்

சேலத்தில் லீனியர் ஆக்சிலரேட்டர் (வெளியிலிருந்து கதிர் கொடுக்கும் கருவி) உள்ள ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சுச் செலவு முழுவதும் வந்துவிட்டது. வருமானச் சான்று வாங்கி அட்டையைச் சரிசெய்ய மகன் இரண்டு வாரம் அலைந்தார்.

இந்தப் பக்கத்து மக்கள் கதிர்வீச்சைக் 'கரண்ட்' என்றுதான் சொல்வார்கள். "கரண்ட் வெச்சா உடம்பு கருகிடுமா", "பேரப்பிள்ளைய தூக்கலாமா" என்பவை அவர்கள் கேட்ட முதல் கேள்விகள். வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் உடம்பில் தங்குவதில்லை. பொத்தானை அணைத்ததும் அறையிலேயே அது இல்லை. பேரனைத் தாராளமாகத் தூக்கலாம்.

முன்பெல்லாம் நாளுக்கு 2 கிரே (கதிரை அளக்கும் அலகு) வீதம் 37 நாள், மொத்தம் 74 கிரே கொடுப்பார்கள். புரோஸ்டேட் புற்றணுக்கள் சிறு சிறு அளவை ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஒருமுறைக்குக் கொடுக்கும் அளவைக் கூட்டினால் அதிகமாகச் சாகும். 3,216 பேரைச் சேர்த்த 'சிப்' ஆய்வில் நாளுக்கு 3 கிரே வீதம் 20 நாள், மொத்தம் 60 கிரே கொடுத்தவர்களில் ஐந்தாண்டில் நோய் திரும்பாதவர்கள் 90.6 சதவீதம், 74 கிரே பெற்றவர்களில் 88.3. இந்த முடிவு 2016-இல் வந்தபிறகு 20 நாள் சிகிச்சை வழக்கமாகிவிட்டது. 37-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசம் பென்னாகரத்திலிருந்து சேலத்துக்குப் பேருந்தில் போய்வந்தவர்களுக்குத்தான் தெரியும். தகுந்த சிலருக்கு ஐந்தே நாளில் முடிக்கும் முறையும் பின்தங்கவில்லை என்று 2024-இல் 'பேஸ்-பி' ஆய்வு காட்டியது. இன்று வந்திருந்தால் அதையும் அவரிடம் பேசியிருப்போம்.

திட்ட ஸ்கேன் அன்றே சிக்கல். கூன் விழுந்த முதுகோடு தட்டையான மேசையில் மல்லாந்து படுக்க முடியவில்லை. தலை அந்தரத்தில் நின்றது. தொழில்நுட்பர் கழுத்துக்கு உயரமான தாங்கியும் முழங்காலுக்கு அடியில் திண்டும் வைத்து, வலிக்காத நிலை வரும்வரை அரை மணிநேரம் மாற்றி மாற்றிப் பார்த்தார். அந்த நிலையைப் படமெடுத்துக் கோப்பில் வைத்தார். பிறகு வயிற்றிலும் இடுப்பின் இரு பக்கமும் கடுகளவு மூன்று பச்சைப்புள்ளிகள் குத்தினார். தினமும் அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் கதிரை நேர் பிடிப்பார்கள்.

இருபது நாள்

பொங்கல் கழித்து, 2023 ஜனவரி கடைசியில் தொடங்கினார்கள். வாரத்தில் ஐந்து நாள். தினமும் போய்வருவதாகத்தான் முதலில் முடிவுசெய்திருந்தார். ஊரிலிருந்து பென்னாகரம், அங்கிருந்து தர்மபுரி, தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம், மூன்று பேருந்து. ஓமலூரில் மகளைக் கொடுத்த வீடு இருக்கிறதே என்று கேட்டதற்கு, "பொண்ணு குடுத்த எடத்துல போயி ஒரு மாசம் ஒக்காந்திருக்க முடியுங்களா" என்றார். மூன்றாம் நாளே சம்பந்தி நேரில் வந்து அழைத்துப்போனார்.

ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டியது இரண்டு. மலக்குடல் காலியாக இருக்க வேண்டும். சிறுநீரை ஒருமுறை கழித்துவிட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்து, முக்கால் மணிநேரம் அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும். நிறைந்த சிறுநீர்ப்பை குடலை மேலே தள்ளிக் கதிர்ப் பாதையிலிருந்து விலக்கும். மலக்குடலில் காற்று இருந்தால் அது சுரப்பியை முன்னால் தள்ளிவிடும். குறிவைத்த இடம் சில மில்லிமீட்டர் நகர்ந்துவிடும்.

ஆறாம் நாள் மேசையில் படுக்கவைத்து எடுத்த ஸ்கேனில் மலக்குடல் பலூன்போல் உப்பியிருந்தது. இறக்கிவிட்டு விசாரித்தார்கள். முந்தின இரவு சம்பந்தி வீட்டில், அவருக்குப் பிடிக்கும் என்று, மொச்சைக்கொட்டைக் குழம்பு. வாயுப் பொருள் வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். 'வாயு' என்றதும் உருளைக்கிழங்கை மட்டும் நிறுத்தியிருந்தார்கள். அரை மணிநேரம் நடக்கவைத்து, கழிப்பறைக்கு அனுப்பி, மறுபடி தண்ணீர் குடிக்கவைத்து, இரண்டாவது ஸ்கேனில் சரியானபிறகே கதிர் கொடுத்தார்கள். கதிர் ஓடியது சில நிமிடம். அன்று அவர் அங்கே இருந்தது மூன்று மணிநேரம். அதன்பிறகு மொச்சை, கொள்ளு, அவரை, பயறு என்று பெயர் பெயராகத் தமிழில் எழுதிச் சமையலறையில் ஒட்டச் சொன்னேன்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. "போட்டோ புடிக்கற மாதிரிதானுங்க" என்றார். மூன்றாம் வாரம் எரிச்சல் தொடங்கியது. மணிக்கு ஒருமுறை சிறுநீர், இரவில் ஏழு தடவை, சளியோடு இளகிய மலம். ஓமலூரில் தங்கியிருந்ததால் சமாளித்தார். பேருந்தில் போய்வந்திருந்தால் அந்த வாரமே நிறுத்தியிருப்பார் என்று நினைக்கிறேன். சிறுநீரில் தொற்று இல்லை என்று பார்த்துக்கொண்டு, சிறுநீர் எளிதாகப் போக முன்பே எடுத்துவந்த டாம்சுலோசின் மாத்திரையைத் தொடர்ந்தோம். ஒரு நாளும் விடாமல் இருபதும் முடிந்தன. எரிச்சல் ஆறு வாரத்தில் அடங்கியது.

பிறகு நடந்தது

கதிர்வீச்சுக்குப்பின் பி.எஸ்.ஏ. மெதுவாகத்தான் இறங்கும், அறுவைக்குப்பின் போல ஒரேயடியாகப் பூச்சியத்துக்குப் போகாது. மூன்றாம் மாதம் 3.1, ஆறாம் மாதம் 1.8, ஓராண்டில் 0.9.

பதினாறாம் மாதம், 2024 ஜூனில், மலத்தில் இரத்தம் வந்தது. என்னிடம் வராமல் அருகில் மூலத்துக்கு வைத்தியம் பார்க்கும் ஓர் இடத்துக்குப் போயிருக்கிறார். ஊசி போட்டுச் சுருக்கிவிடலாம் என்று மறுநாள் வரச் சொல்லியிருந்தார்கள். நல்லவேளையாக மகன் எனக்குப் போன் செய்தார். புரோஸ்டேட்டை ஒட்டியிருக்கும் மலக்குடல் சுவர் கதிர் பட்ட இடம். அங்கே மெல்லிய இரத்தக்குழாய்கள் புதிதாக முளைத்துக் கசிவது சிலருக்கு ஓரிரு ஆண்டு கழித்து வரும். பெரும்பாலும் தானே அடங்கும். ஆனால் அந்தச் சுவரில் ஊசி போட்டாலோ, கட்டுப்போட்டாலோ, அவசியமில்லாமல் சதை எடுத்தாலோ ஆறாத புண்ணாகி ஓட்டை விழ வாய்ப்புண்டு. குடல்நோய் மருத்துவர் உள்நோக்கிக் கருவியால் பார்த்து, வேறு கட்டி இல்லை என்று உறுதிசெய்து, சதை எடுக்காமல் விட்டார். இதய மருத்துவரைக் கேட்டு இரண்டு மாத்திரைகளை ஒன்றாகக் குறைத்தோம். இரண்டு மாதத்தில் இரத்தம் நின்றது.

அதே ஆண்டு ஆகஸ்டில் பி.எஸ்.ஏ. 0.9-லிருந்து 1.5 ஆக ஏறியது. மகன் தாளை நீட்டியபோது கை நடுங்கியது. கதிர்வீச்சுக்குப்பின் ஓரிரு ஆண்டில் பி.எஸ்.ஏ. கொஞ்சம் துள்ளிவிட்டு மறுபடி இறங்குவது பலருக்கு நடக்கும். இறங்கிய மிகக் குறைந்த அளவிலிருந்து 2 கூடினால்தான் நோய் திரும்பியதாகக் கணக்கு; இவருக்கு அது 2.9. காத்திருக்கலாம் என்றேன். மகன் எதிர்ப்பேச்சு பேசவில்லை, ஆனால் முன்பு ஒருமுறை என் சொல்லை நம்பி நாள் குறித்தவர் அவர். அதனால் எண்ணைத் தாளில் எழுதி, எப்போது பயப்பட வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டினேன். 2025 பிப்ரவரியில் 0.7, ஆகஸ்டில் 0.5. எல்லாம் ஒரே ஆய்வுக்கூடத்தில் எடுத்தது. கூடம் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும்.

ஒரு விஷயத்தை நாங்கள் யாரும் அவரிடம் கேட்கவில்லை. இரண்டாம் ஆண்டில், மனைவி வெளியே போன நேரம் பார்த்து, தாம்பத்தியம் குறைந்துவிட்டதைத் தாழ்ந்த குரலில் சொன்னார். கதிர்வீச்சு அந்த நரம்புகளையும் இரத்தக்குழாய்களையும் மெதுவாகப் பாதிக்கும். சர்க்கரை நோயும் சேர்ந்துகொள்ளும். சிகிச்சைக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியது. 67 வயதுக்காரருக்கு இது எதற்கு என்று நாங்களாகவே முடிவுசெய்திருந்தோம். இதய மருத்துவரிடம் கலந்து மாத்திரை கொடுத்தோம். ஓரளவு பலன் உண்டு.

முதுகும் கழுத்தும் அப்படியேதான் இருக்கின்றன. ஏறிய ஃபுளோரைடை இறக்க மருந்தில்லை. சமையலுக்கும் இப்போது காவிரித் தண்ணீர்தான்.

இப்போது வேறுமாதிரி செய்வது

முதுகுவலியோடு வருபவரைக் குனியச் சொல்கிறேன், கழுத்தைத் திருப்பச் சொல்கிறேன், பல்லைப் பார்க்கிறேன். கூட வந்தவரையும் பார்க்கிறேன். ஒரே வீட்டுத் தண்ணீர் குடித்தவர்களின் எலும்பை ஒப்பிடுவதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியவில்லை.

எக்ஸ்ரேக்கு அனுப்பும் சீட்டில் ஊர்ப்பெயரோடு எந்தத் தண்ணீர் குடிக்கிறார் என்றும் எழுதுகிறேன். படம் பார்ப்பவருக்கு அந்த ஒரு வரி இல்லாவிட்டால் வெளுத்த எலும்பு புற்றுநோயாகத்தான் தெரியும். அவரைக் குறைசொல்ல முடியாது. எலும்பு வெளுத்து, பி.எஸ்.ஏ. குறைவாக இருந்தால், முன்கை எக்ஸ்ரே ஒன்று எடுக்காமல் 'பரவியது' என்ற சொல்லை எழுதுவதில்லை. திரும்பப் பெற முடியாத அறுவைக்கு முன்னால் பி.எஸ்.எம்.ஏ. ஸ்கேனுக்கு வழி தேடுகிறேன். அந்தச் செலவு எல்லாருக்கும் முடியாது. முடியாதவர்களுக்கு ஊசியில் தொடங்கிச் சில மாதம் பார்க்கலாம். ஊசியை நிறுத்த முடியும்.

நோயாளிக்குத் தெரியாமல் அவர் உடம்பில் அறுவைக்கு ஏற்பாடு செய்வதை விட்டுவிட்டேன். பிள்ளைகள் கெஞ்சினாலும், எவ்வளவு சொல்வது, எப்போது சொல்வது என்று பேசுவேனே தவிர, சொல்லாமல் விடுவதில்லை.

கதிர்வீச்சுக்குப் போகிறவர்களிடம் முதலில் கேட்பது எங்கே தங்குவீர்கள் என்பதை. தேதி வாங்குவது அதற்குப் பிறகுதான். முடித்து வருகிறவர்களின் நோட்டு அட்டையில் சிவப்பு மையில் எழுதிக்கொடுக்கிறேன்: "இவர் புரோஸ்டேட்டுக்குக் கதிர்வீச்சு எடுத்தவர். மலத்தில் இரத்தம் வந்தால் மூலம் என்று ஊசி போடவோ கட்டவோ வேண்டாம். முதலில் என்னைக் கூப்பிடவும்." கீழே என் கைப்பேசி எண். அந்த வட்டாரத்தில் இப்போது நான்கு பேரிடம் அந்த நோட்டு இருக்கிறது.